ரத்ததான முகாமிலிருந்து திரும்பிப் போன மாணவர்: வடசென்னையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

போன ஆண்டு ஆகஸ்ட் மாதம் வடசென்னைக் கல்லூரி ஒன்றில் ரத்ததான முகாம் நடந்தது. ரத்தம் கொடுக்க வந்தவர்களைப் பரிசோதித்து அனுப்பும் மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் ஷிப்டு வகுப்பு தொடங்குவதற்கு முன்பே வரிசை வாசல்வரை போய்விட்டது. பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கும் 20 வயது மாணவர் ஒருவருடைய முறை வந்தது. எடை 66 கிலோ, ஹீமோகுளோபின் 14.6. ரத்த அழுத்தம் மட்டும் 154/98 காட்டியது.

ரத்தம் கொடுப்பவரின் அழுத்தம் மேலே 100-க்கும் 140-க்கும் இடையிலும், கீழே 60-க்கும் 90-க்கும் இடையிலும் இருக்க வேண்டும் என்பது விதி. "தம்பி, பிரஷர் ஜாஸ்தியா இருக்கு. இன்னைக்கு வேண்டாம்" என்றேன். "எனக்கா மேடம்?" என்று கேட்டார். பின்னால் நின்ற நண்பர்கள் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்து வரிசையை விட்டு விலகினார்.

வழக்கமாக இதோடு முடிந்துவிடும். படிவத்தில் ஒரு குறி போடுவோம், அடுத்தவரைக் கூப்பிடுவோம். ரத்தம் வாங்கத்தான் முகாம். வைத்தியம் பார்க்க இல்லை. அன்று ஏனோ மனசு கேட்கவில்லை. எழுந்துபோய் ஒரு துண்டுச் சீட்டில் அவருடைய அளவையும் என் கிளினிக் முகவரியையும் எழுதிக் கொடுத்தேன். ஒன்பது நாள் கழித்து வந்தார். சீட்டைத் துணி துவைக்கும்போது சட்டைப் பையில் பார்த்த அம்மா இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

அவர்கள் இருவரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ அளவுகள் எதையும் மாற்றவில்லை.

இதைப் பொதுவில் எழுத ஒரு காரணம் உண்டு. நம் நாட்டில் குழந்தை பிறந்ததிலிருந்து 18 வயதுவரை பள்ளி, அங்கன்வாடி வழியாக உடல்நலப் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மக்கள் பரிசோதனை 30 வயதில்தான் தொடங்குகிறது. நடுவே 12 ஆண்டுகள். கல்லூரிக்குப் போவதும், முதல் சிகரெட்டைப் பற்ற வைப்பதும், முதல் வேலையில் சேர்வதும், ராத்திரி கண்விழிக்கப் பழகுவதும் இந்த 12 ஆண்டுகளில்தான். இந்தக் காலத்தில் ஒரு மாணவரின் கையில் அழுத்தம் பார்க்கும் பட்டை சுற்றப்படுவது, பெரும்பாலும் அவர் ரத்தம் கொடுக்க வரும்போது மட்டும். அங்கேயும் ஒரு குறி போட்டு அனுப்பிவிடுகிறோம்.

முதல் சந்திப்பு

முகாமில் எடுத்த அளவை அப்படியே நம்பக் கூடாது. அவர் வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றிருந்தார். வருவதற்கு முன் ஒரு எனர்ஜி டிரிங்க் குடித்திருந்தார். டீக்கடையில் ஒரு தம்மும் அடித்திருந்தார். இந்த இரண்டுமே கொஞ்ச நேரத்துக்கு அழுத்தத்தை ஏற்றும். ஆகவே கிளினிக்கில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்தேன். முதுகு சாய்ந்திருக்க, கால் தரையில் ஊன்றியிருக்க, கை மேசைமேல் இருக்க மூன்று முறை பார்த்தோம். 148/94, 144/92, 142/90. இறங்கியது, ஆனால் 140/90-க்குக் கீழே வரவில்லை.

இருபது வயதில் அழுத்தம் ஏறினால் வேறு காரணம் இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும். மணிக்கட்டில் நாடி துடிக்கும் அதே நொடியில் தொடை இடுக்கிலும் துடிக்கிறதா என்று பார்த்தேன். பெருந்தமனியில் பிறவிக் குறுக்கம் இருந்தால் தொடையில் துடிப்பு பலவீனமாகவோ தாமதமாகவோ வரும். இவருக்கு இரண்டும் சேர்ந்தே துடித்தன. இரண்டு கைகளிலும் அளவு ஒன்றுபோல இருந்தது. சிறுநீர், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம், தைராய்டு எல்லாம் சரி. ஜிம்முக்குப் போவதில்லை, புரதப் பவுடரோ ஊசியோ இல்லை, அடிக்கடி வலி மாத்திரை போடும் பழக்கமும் இல்லை.

உயரம் 169 செ.மீ. உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் பிஎம்ஐ 23.1 வந்தது. இடுப்பைச் சுற்றி டேப் வைத்தால் 91 செ.மீ.

"இன்னா டாக்டரம்மா, ஒல்லியாத்தான கீறான், இவனுக்கு எப்டி பிரஷரு?" என்றார் அம்மா.

நியாயமான கேள்வி. நம் ஊர்க்காரர்களின் உடல்வாகு பல நேரம் கண்ணை ஏமாற்றிவிடும். கை கால் மெலிந்திருக்கும், வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கும். அதனால்தான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23-இலிருந்தே அதிக எடை, 25-இலிருந்து உடல் பருமன் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. இந்தப் பையன் எடையில் எல்லைக்கோட்டைத் தொட்டு நிற்கிறார், இடுப்பில் தாண்டிவிட்டார். சட்டையை வெளியே விட்டுக்கொண்டு நின்றால் யாருக்கும் தெரியாது.

அப்பா

குடும்ப வரலாறு கேட்டபோதுதான் அறையில் பேச்சு நின்றது. அப்பா மண்ணடி பக்கம் குடோன்களில் மூட்டை தூக்கியவர். ஆறு ஆண்டுகளுக்கு முன், 46 வயதில் இறந்துவிட்டார். "நெஞ்ச அடைக்குதுன்னாரு. வாயுன்னு சொல்லிக்கினே இருந்தாரு. சோடா வாங்கியாந்து குடிச்சாரு. விடியறதுக்குள்ள போய்ட்டாருமா" என்றார் அம்மா. அன்று மகனுக்கு 14 வயது. சோடா வாங்கி வந்ததே அவர்தான் என்பது பிறகு தெரிந்தது.

பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை, ஆகவே மாரடைப்பு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சித்தப்பாவுக்கு 50 வயதில் ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அப்பா, அண்ணன், தம்பி என்ற நெருங்கிய ஆண் உறவில் ஒருவருக்கு 55 வயதுக்கு முன் இதயநோய் வந்தால் அதைச் சீக்கிரம் வந்த நோய் என்று வகைப்படுத்துகிறோம். 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளைப் பிரித்துப் பார்த்தபோது, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்ற நாட்டவர்களுக்கு 59 என்று தெரிந்தது. இந்த வீட்டில் 53-கூட எட்டவில்லை.

"வாயு" என்ற சொல் வடசென்னையில் எத்தனை உயிரைக் கொண்டுபோயிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. நடு நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் சோடாவும் ஓமவாட்டரும் தேடி நேரத்தைக் கழிக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் அங்கே ஓடலாம். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்று மாத்திரைகளும் முதல் தவணையாக அங்கேயே கொடுக்கப்படுகின்றன. அப்பா இறந்த காலத்தில் அந்தத் திட்டம் இல்லை.

ரத்தம், ஈசிஜி, எக்கோ

வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 214, ரத்தத்திலிருக்கும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 236, நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் 33, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 134. சர்க்கரை 104, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.8. எதுவும் பயங்கரமான எண் இல்லை. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் பிசகியிருக்கின்றன. நல்ல கொழுப்பு குறைவு, டிரைகிளிசரைடு அதிகம், சர்க்கரை எல்லையில், இடுப்பு பெருத்திருக்கிறது, அழுத்தம் ஏறியிருக்கிறது. ஐந்தும் சேர்ந்து ஒரே உடம்பில் வந்து நிற்பதுதான் கவலை. எல்டிஎல் 190-ஐத் தாண்டியிருந்தால் பரம்பரையாக வரும் அதிகக் கொலஸ்ட்ராலைச் சந்தேகித்திருப்பேன். இவருக்கு அப்படியில்லை. பரம்பரையாக வரும் ஒரு வகைக் கொழுப்பை அளக்கும் லிப்போபுரோட்டீன் ஏ என்ற பரிசோதனையை வாழ்நாளில் ஒரு முறை செய்து பார்க்கலாம், குடும்பத்தில் இப்படி ஒரு சாவு இருக்கும்போது பார்ப்பது நல்லதும்கூட. ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்பதால் தள்ளி வைத்தோம். முடிவு எதுவாக இருந்தாலும் இப்போது செய்யப்போகும் வைத்தியம் மாறாது.

ஈசிஜியைப் பற்றி ஒரு வார்த்தை. எந்திரம் தாளின் மேல் 'அப்நார்மல்' என்று அச்சடித்துத் தந்துவிட்டது. அதைப் படித்துவிட்டு அம்மா அழவே தொடங்கிவிட்டார். உண்மையில் அது இளம் ஆண்களிடம் சாதாரணமாகக் காணப்படும் ஒரு வடிவம். அலையின் ஒரு பகுதி லேசாக மேலேறி நிற்கும், ஆபத்தில்லை. எந்திரத்தின் எழுத்தைப் படித்து யாரும் முடிவுக்கு வர வேண்டாம். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயச் சுவர் தடிக்கவில்லை, வால்வுகள் நன்றாக இருந்தன. இதயத்தசை தடித்துப்போகும் பரம்பரை நோய் இல்லை என்பதை அது உறுதிப்படுத்தியது. விளையாட்டில் ஓடும்போது திடீரென்று விழுந்துபோகும் இளைஞர்களிடம் காணப்படும் நோய்களில் அது முக்கியமானது.

இருபது வயதுக்காரருக்கு அடுத்த பத்தாண்டில் மாரடைப்பு வரும் வாய்ப்பு எவ்வளவு என்று வழக்கமான அட்டவணைகளில் கணக்குப் போட முடியாது. அவை 30 அல்லது 40 வயதிலிருந்துதான் தொடங்கும். போட்டாலும் மிகச் சிறிய எண்தான் வரும், அது நம்மை ஏமாற்றும். 1953-இல் வெளியான ஓர் ஆய்வை மாணவர்களிடம் நான் எப்போதும் சொல்வேன். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை மருத்துவர்கள் திறந்து பார்த்தார்கள். அவர்களின் சராசரி வயது 22. 77 சதவீதம் பேரின் இதய ரத்தக் குழாய்களில் நோய் கண்ணுக்குத் தெரியும்படி தொடங்கியிருந்தது. நெஞ்சுவலி வரும் வயதுக்கு இருபது, முப்பது வருடம் முன்பே குழாய்ச் சுவரில் கொழுப்பு படியத் தொடங்கிவிடுகிறது.

பலிக்காத சீட்டு

முதல் சந்திப்பில் நான் கொடுத்த அறிவுரை தவறான அறிவுரை. தகவல் தவறில்லை. உப்பைக் குறைக்க வேண்டும், காய்கறி நிறையச் சாப்பிட வேண்டும், வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்ய வேண்டும், சிகரெட்டை விட வேண்டும், ஏழு மணி நேரம் தூங்க வேண்டும். அச்சடித்த சீட்டைக் கொடுத்து அனுப்பினேன். மாத்திரை எழுதவில்லை. வயது, அளவு, உறுப்புகளில் பாதிப்பில்லாத நிலை எல்லாவற்றையும் பார்த்தால் சில மாதம் பழக்க மாற்றத்துக்கு இடம் கொடுப்பதுதான் சரி. கிளினிக்கிலிருந்து அழுத்தம் பார்க்கும் கருவியை ஒரு வாரத்துக்கு வீட்டுக்குக் கொடுத்தேன்.

செப்டம்பர் கடைசியில் வந்தார். வீட்டில் எடுத்த அளவுகளின் சராசரி 138/88. வீட்டு அளவு 135/85-க்குக் கீழே இருக்க வேண்டும். சீட்டில் இருந்தவற்றில் எதையும் அவர் செய்யவில்லை. எனக்குக் கோபம் வந்தது. "அப்பா போனது மறந்துபோச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நான் எப்ப மேடம் தூங்குறது?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, நேற்று காலை எழுந்ததிலிருந்து இன்று காலை எழுந்தவரை மணிவாரியாக எழுதச் சொன்னேன்.

இருபத்துநாலு மணி நேரம்

அம்மா காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துத் தெருவில் விற்பவர். அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவார். காலையில் வீட்டில் அடுப்பு எரியாது. பையன் இரண்டு மணிக்குப் படுத்து, தண்ணீர் வரும் நேரத்துக்கு ஆறரைக்கு எழுந்து, குடங்களை நிரப்பி, தங்கையைப் பள்ளிக்கு அனுப்புகிறார். அப்புறம் டீக்கடையில் ஒரு டீ, ஒரு தம். அம்மா பதினொரு மணிக்கு வந்து சமைப்பார். மதியச் சோறு மட்டும் நல்ல சோறு: மீன் குழம்பு, ரசம், சில நாள் கீரை. ஒன்றரை மணியிலிருந்து ஐந்தே முக்கால்வரை கல்லூரி. ஆறரைக்கு உணவு டெலிவரி வண்டியில் ஏறினால் இறங்கும்போது ராத்திரி ஒரு மணி.

ராத்திரி எட்டிலிருந்து பத்தரைவரை ஆர்டர்கள் குவியும் நேரம். அப்போது நின்று சாப்பிட்டால் ஆர்டர் போய்விடும், இன்சென்டிவும் போய்விடும். பசியையும் தூக்கத்தையும் அடக்க இரண்டு, சில நாள் மூன்று எனர்ஜி டிரிங்க். ஒன்றரைக்குப் பாஸ்ட் புட் கடையில் சிக்கன் ரைஸ், இல்லாவிட்டால் பரோட்டா சால்னா. மாதத்தில் சில நாள் பாரிமுனைப் பக்கம் ஆர்டர் போனால் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ். சாப்பிட்டு அரைமணி நேரத்தில் படுக்கை.

அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். மற்றவர்களுக்கு ஆறரை மணி நேரம் சாப்பாடு சுமந்துகொண்டு போகிறவர், நடுவில் தானும் சாப்பிட இடமில்லாத ஒரு ஏற்பாடு. என் சீட்டில் இருந்த ஐந்து அறிவுரைகளையும் நுழைக்க அந்தத் தாளில் ஒரு இடுக்குகூட இல்லை. அவர் சோம்பேறி என்று நான் நினைத்தது எவ்வளவு அநியாயம் என்று அப்போதுதான் உறைத்தது.

மாற்ற முடிந்தவை

மூவரும் உட்கார்ந்து எதை அசைக்கலாம் என்று பேசினோம். முதலில் எனர்ஜி டிரிங்க். நம் நாட்டு உணவுத் தர விதிப்படி இவ்வகைப் பானத்தில் லிட்டருக்கு 300 மில்லிகிராம்வரை காஃபின் இருக்கலாம். கால் லிட்டர் பாட்டிலில் 75 மில்லிகிராம்வரை வரும். மூன்று பாட்டிலோடு நாலு டீயும் சேர்ந்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். உடம்பில் போன காஃபினில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரமாகும். பதினோரு மணிக்குக் குடித்தது இரண்டு மணிக்குப் படுக்கும்போதும் விழித்துக்கொண்டிருக்கும். சர்க்கரை வேறு. டிரைகிளிசரைடு 236 எங்கிருந்து வந்தது என்பதற்கு எண்ணெயைவிட இந்தச் சர்க்கரைத் தண்ணீரும் நடுராத்திரிச் சாப்பாடும்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்து, ராத்திரிச் சாப்பாட்டை முன்னுக்குக் கொண்டுவந்தோம். மதியம் சமைக்கும்போதே அம்மா ஒரு டப்பாவில் சோறும் குழம்பும் தனியாகக் கட்டி வைக்கிறார். கல்லூரி விட்டதும் வண்டியில் ஏறும் முன், ஆறு மணிக்கு, அதைச் சாப்பிட்டுவிடுகிறார். ராத்திரி பசித்தால் சுண்டலோ வாழைப்பழமோ போதும். மீனைப் பற்றி அம்மாவிடம் நான் சொல்ல ஒன்றுமில்லை. மத்தி, காணாங்கெளுத்தி, நெத்திலி என்று இதயத்துக்கு நல்ல கொழுப்புள்ள மலிவான மீன்களெல்லாம் அவருடைய கூடையிலேயே இருக்கின்றன. விலைபோகாத மத்தியை வீட்டுக்குக் கொண்டுவந்து, மகனுக்குப் பிடிக்கும் என்று பொரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். குழம்பாக வைத்தால் போதும் என்றேன். கருவாடு வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் நன்றாக அலசி. ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஐந்து கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் ஒரே தட்டில் சேர்ந்தால் அந்த வரம்பு காலையிலேயே தாண்டிவிடும்.

எண்ணெயில் நான் கண்டிப்பு காட்டவில்லை. ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு, நல்லெண்ணெயில் ஏழில் ஒரு பங்குதான். ஆனால் நல்லெண்ணெய் விலை என்ன என்று எனக்கும் தெரியும். பொரிப்பதைக் குறைத்தால் பாமாயிலும் குறையும் என்பதோடு விட்டுவிட்டேன். வெளியில் பரோட்டா, வறுவல் சாப்பிடுவது நின்றதுதான் பெரிய லாபம். அங்கே எண்ணெய் எத்தனை முறை காய்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

தூக்கத்துக்கு அவர் கொடுத்த விலை பணம். வேலையைப் பதினொன்றரைக்கு முடித்துக்கொள்வதென்று ஒப்புக்கொண்டார். தங்கை பத்தாம் வகுப்பு, பெரிய பிள்ளைதான். காலைத் தண்ணீரை வாரத்தில் மூன்று நாள் அவள் பிடிப்பதாக வீட்டில் முடிவானது. ஆறு, ஆறரை மணி நேரம் தூக்கம் கிடைத்தது. அமெரிக்க இதயச் சங்கம் 2022-இல் இதய நலத்துக்கான தன் பட்டியலில் தூக்கத்தை எட்டாவதாகச் சேர்த்தது. ராத்திரித் தூக்கத்தில் அழுத்தம் பத்திலிருந்து இருபது சதவீதம் இறங்க வேண்டும். தூங்கவே விடாத உடம்பில் அது எப்போது இறங்கும்?

சிகரெட்தான் கடினம். ஒரு நாளைக்கு ஐந்தாறு, லூஸில் வாங்குவது. "கம்மி பண்ணிட்டேன் மேடம், ஒண்ணே ஒண்ணுதான்" என்று நவம்பரில் சந்தோஷமாக வந்து சொன்னார். பாராட்டினேன், உண்மையையும் சொன்னேன். 2018-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, தினம் ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக்கூட, இருபது பிடிப்பவருக்கு இருக்கும் கூடுதல் இதய ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது. எண்ணிக்கையைக் குறைத்தால் நுரையீரலுக்கு லாபம் உண்டு, இதயத்துக்கு அந்த அளவு கிடையாது. முழுதாக விட்டால் ஓராண்டில் அந்தக் கூடுதல் ஆபத்து பாதியாகக் குறையும். 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம் என்று சொல்லி, என் முன்னாலேயே கூப்பிட வைத்தேன்.

பந்தும் ஊசியும்

பள்ளிக் காலத்தில் அவர் நன்றாகக் கால்பந்து ஆடியவர். வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் ஏதாவது ஒரு மைதானத்தில் எப்போதும் பந்து உருளும் ஊர் இது. அப்பா போனபின் வேலைக்குப் போகத் தொடங்கியதும் ஆட்டம் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆடலாமா என்று கேட்டேன். தயங்கினார். கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021-இல் 46 வயதில் இறந்த செய்தி அவர் மனதில் ஆழமாகப் பதிந்திருந்தது. அப்பாவின் வயது அது. "கொரோனா ஊசி போட்டவங்களுக்குத்தான் இப்டி ஆகுதாமே மேடம்?" என்றும் கேட்டார்.

இந்தக் கேள்வி வாரத்துக்கு இரண்டு முறையாவது என் காதில் விழுகிறது, ஆகவே விரிவாகவே சொன்னேன். சென்னையில் இருக்கும் தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம், நாடு முழுவதும் 47 மருத்துவமனைகளைச் சேர்த்துக்கொண்டு, 18 முதல் 45 வயதுக்குள் காரணம் புரியாமல் திடீரென இறந்த 729 பேரை ஆராய்ந்து 2023-இல் முடிவை வெளியிட்டது. தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை. குடும்பத்தில் திடீர் மரணம் நடந்திருப்பது, கொரோனாவுக்காக மருத்துவமனையில் இருந்தது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுக்கு மீறிக் குடித்தது, கடுமையாக உடலை வருத்தியது ஆகியவைதான் கூட்டின. ஊசியைப் பற்றிய பயத்தை விட்டுவிட்டு, குடும்ப வரலாற்றைக் கவனிப்போம் என்றேன்.

எக்கோ சரியாக இருந்தது, ஓடும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்ததில்லை. ஆகவே முதல் மாதம் வேகமான நடை, அடுத்த மாதம் மெதுவான ஓட்டம், மூன்றாம் மாதம் பந்து என்று வைத்துக்கொண்டோம். டிசம்பரில் முழங்காலில் சிராய்ப்போடு கிளினிக்குக்கு வந்தபோது அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது.

மாணவிகளின் நிலை வேறு. அதே முகாமில் திரும்பிப் போன பெண்களில் பலருக்குக் காரணம் ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12.5 இல்லாவிட்டால் ரத்தம் கொடுக்க முடியாது. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓட ஒரு மைதானமும் கிடையாது. மாதவிடாய் ஒழுங்கில்லாமல், இடுப்பு பெருத்து, சர்க்கரை எல்லையில் நிற்கும் பெண்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஜனவரி, மே, ஜூலை

ஜனவரியில் வீட்டு அளவின் சராசரி 127/81. எடை 63.5, இடுப்பு 87. டிரைகிளிசரைடு 160, எச்டிஎல் 36, எல்டிஎல் 128, எச்பிஏ1சி 5.6. சிகரெட் நின்று ஏழு வாரம். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைக்கு அவசியமில்லை. இந்த வயதில் எல்டிஎல் 160-ஐத் தாண்டி, கூடவே குடும்ப வரலாறும் இருந்தால்தான் அதைப் பற்றி யோசிப்போம்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் வெற்றிக் கதையாக இருந்திருக்கும். மே மாதம் வந்தபோது சராசரி 136/87. எடை ஏறவில்லை, ஆனால் கண்ணுக்குக் கீழே கருவளையம். மறுபடி சிகரெட், மறுபடி எனர்ஜி டிரிங்க். ஏன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, காசிமேட்டில் வரத்து சுருங்கிவிடும். அம்மாவின் கூடை பாதிகூட நிறையவில்லை. அந்த இரண்டு மாதமும் வீட்டை ஓட்டியது மகனுடைய வண்டிதான், ராத்திரி ஒன்றரை மணிவரை. செமஸ்டர் பரீட்சையும் அப்போதே வந்தது.

இந்த முறை நான் அறிவுரைச் சீட்டு எதுவும் கொடுக்கவில்லை. ஆறு மணி டப்பாவை மட்டும் விடாதே, எனர்ஜி டிரிங்க் மட்டும் வேண்டாம், மற்றதைத் தடைக்காலம் முடிந்ததும் பார்த்துக்கொள்வோம் என்றேன். ஜூலையில் 129/82. சிகரெட் மறுபடி நின்று மூன்று வாரம். வருகிற ஏப்ரலுக்கு என்ன செய்வது என்று இப்போதே பேசத் தொடங்கியிருக்கிறோம். மார்ச்சுக்குள் கொஞ்சம் பணம் சேர்த்துவைக்க முடியுமா, பரீட்சை வாரத்தில் மட்டுமாவது வண்டியை நிறுத்த முடியுமா என்று கணக்குப் போடுகிறார். அதற்கும் 135/85-க்குக் கீழே நிற்காவிட்டால் குறைந்த அளவில் மாத்திரை தொடங்குவேன், அதையும் சொல்லிவிட்டேன்.

முகாம் மேசை

இந்த ஆண்டு ஆகஸ்டில் அதே கல்லூரியில் மறுபடி முகாம். மேசைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி கூடுதலாகப் போடச் சொன்னேன். அளவு கூடியிருப்பவர்கள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போதும் கூடியிருந்தால் அளவை எழுதி, பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு. இரண்டு வாரம் கழித்து நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஒருவர் போன் செய்து, போனீர்களா என்று கேட்பார். செலவு எதுவும் இல்லை. நம் மாணவர் அன்று காலை தூங்கி எழுந்து, டீகூடக் குடிக்காமல், இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். 126/80. ரத்தம் கொடுத்தார்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். செப்டம்பர் மாதம் அந்தத் தாளை மகன் எழுதிக்கொண்டிருந்தபோது, சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று அவருடைய கையிலும் பட்டையைச் சுற்றினேன். 43 வயது, அதுவரை பிரசவ காலத்தைத் தவிர யாரும் அழுத்தம் பார்த்ததில்லை. 166/102. இரண்டு வாரத்தில் இன்னும் இரண்டு முறை பார்த்து உறுதி செய்து, அழுத்தத்தைக் குறைக்கும் ஆம்லோடிபின் மாத்திரை தொடங்கினோம். இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதிகாலை ஏலத்துக்குக் கிளம்பும் முன் போட்டுக்கொள்கிறார்.

தங்கைக்கு 16 வயதாகிறது. அடுத்த மாதம் அவளையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன்.